எல்லாருக்கும் இடுப்பு முப்பத்துநாலு

மார்ச் 3, திங்கள்

முதலில் ஒரு மன்னிப்பு. உட்கார்ந்து எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் எதுவும் நடந்துவிடவில்லை. இந்த டைரிகூட நான் வாங்கியதில்லை. மருந்து கம்பெனிக்காரர் டாக்டருக்குக் கொடுத்தார், டாக்டர் சிஸ்டர் பக்கம் தள்ளினார், சிஸ்டர் "எனக்கு எதுக்கு, கதையா எழுதப் போறேன்" என்று என் மேசையில் போட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் ஈரல் படம். கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு சிரிக்கிறது. ஈரல் டானிக் விளம்பரம். இவ்வளவு வெற்றுத்தாளை வீணாக்க மனசு வரவில்லை. அதிலும் நான் எழுதப்போவது அடுத்தவர்களின் வயிற்றைப் பற்றி. ஈரலாரே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம். பஸ் டிப்போவுக்கு எதிரே உள்ள சின்ன ஆஸ்பத்திரி. டிப்போவில் வேலை செய்கிற எல்லோரும் வருஷத்துக்கு ஒரு முறை இங்கேதான் உடல் பரிசோதனைக்கு வரவேண்டும். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் இவற்றைப் பார்த்து எழுதி டாக்டரிடம் அனுப்புவது என் வேலை. சத்துணவியல் படித்த காலத்தில் நாங்கள் பெண்களாக ஒருவரை ஒருவர் அளந்து பழகினோம். அங்கே யாருக்கும் தொப்பை இல்லை. இங்கே வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் ஓட்டுநர்கள்.

"இடுப்பு எவ்வளவு சார்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். முப்பத்துநாலு. போன வருஷம் இந்த மேசையில் இருந்தவர் அதையே வாங்கி எழுதியிருக்கிறார். இந்த டிப்போவில் எல்லோருக்கும் ஒரே இடுப்பு. இன்று மாலைதான் எனக்கு விளங்கியது: அவர்கள் பொய் சொல்லவில்லை. பேண்ட் உண்மையிலேயே முப்பத்துநாலுதான். தொப்பை வளரும்போது பேண்ட் கூடவே வளர்வதில்லை, கீழே இறங்கிவிடுகிறது. பெல்ட்டுக்கு மேலே நடப்பதற்கும் பேண்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

டேப்பைச் சுற்றி எடுக்க வேண்டுமென்றால் ஆளைக் கிட்டத்தட்டக் கட்டிப்பிடிக்க வேண்டும். எனக்கு ஒரு கை அந்தப் பக்கம் போய்ச் சேரவே இல்லை. நெற்றியெல்லாம் வியர்த்து, டேப்பைக் கீழே போட்டு, குனிந்து எடுத்து, மறுபடியும் போட்டு… ஓட்டுநர் பாவம், என்னைவிட அதிகமாகக் கூச்சப்பட்டார்.

சிஸ்டர் வந்து காப்பாற்றினார். டேப்பின் நுனியை அந்த ஆள் கையிலேயே கொடுத்துத் தொப்புளில் வைத்துக்கொள்ளச் சொன்னார். "அப்படியே ஒரு சுத்து சுத்துங்க." அவர் சுற்ற, டேப் தானாகவே அவர்மேல் சுற்றிக்கொண்டது. எனக்கு முனையைப் பிடிக்கிற வேலை மட்டும்தான்.

மதியத்துக்குள் இது டிப்போ முழுக்கப் பரவிவிட்டது. ஒருவர் உள்ளே வந்ததும் கேட்டார்: "எந்தப் பக்கம் திருப்பணும்மா? இடமா, வலமா? ரிவர்ஸ்னா பின்னாடி யாராவது நின்னு விசில் அடிக்கணும்."

மார்ச் 6, வியாழன்

புதுப் பிரச்சினை. டேப்பைப் பார்த்ததும் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். மார்பு விரிகிறது, கண் கூரையைப் பார்க்கிறது, தொப்பை எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. "மூச்சை விடுங்க" என்று நான் சொல்வது என் காதுக்கே கேட்பதில்லை. கல்லூரியில் வருகைப் பதிவின்போதும் இதே குரல்தான். வந்திருந்தும் எத்தனையோ நாள் எனக்கு வராதவள் என்று விழுந்திருக்கிறது.

ஆனால் இன்று தற்செயலாக ஒன்று நடந்தது. தூணைப்போல மூச்சை அடக்கி நின்ற ஒருவரிடம், எழுதுவதற்காக, "உங்க ரூட் எதுங்க?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார். தொப்பை இறங்கிவிட்டது! பேச வேண்டுமென்றால் மூச்சை விட்டாக வேண்டும், மூச்சை விட்டால் வயிறு வெளியே வந்தாக வேண்டும். மனித உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவர்களிடம் எல்லாம் கேள்வி. நேற்று ராத்திரி என்ன சாப்பாடு, வீட்டில் எத்தனை பேர், எந்தப் பஸ் ஓட்டப் பிடிக்கும். நான் ஒருநாளில் இத்தனை அந்நியர்களிடம் இதுவரை பேசியதே இல்லை. சிஸ்டர் மூக்கில் விரல் வைத்தார். "ஊமைன்னு நினைச்சேன் உன்ன."

மார்ச் 8, சனி

மூச்சு ரகசியத்தை வீட்டில் சொன்னேன். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். அப்பாவும் சிரித்தார். சிரிக்கும்போது அவர் தொப்பை தனியாக ஒரு சிரிப்புச் சிரிக்கும்.

அப்பாவைப் பற்றி இன்னும் எழுதவில்லை. அவரும் அதே டிப்போவில் ஓட்டுநர்தான். காலையில் கிளம்பும் முதல் பஸ் அவருடையது. சனிக்கிழமை சாயந்தரம் மட்டும் மொட்டை மாடியில் பாய் விரித்து, அவருடைய கண்டக்டரோடு பீர் குடிப்பார். அந்தக் கண்டக்டரை எல்லோரும் விசில் என்பார்கள், நான் விசில் மாமா என்பேன். பீரோடு வறுத்த வேர்க்கடலையும் ஏதாவது பொரித்ததும் இருக்கும். சனிக்கிழமை மட்டும் என்றுதான் தொடங்கியது. இப்போது புதன்கிழமைகளுக்கும் சனிக்கிழமையின் சாயல் வந்துவிட்டது.

இன்று மாடிக்குத் தண்ணீர் எடுத்துப்போனபோது அப்பா சட்டையைத் தூக்கி வயிற்றைத் தட்டிக் காட்டினார். "தட்டிப் பாரு. கல்லு. கொழுப்பா இருந்தா தொளதொளன்னு ஆடும். இது வண்டி ஓட்டி ஓட்டி ஏறின தசை." விசில் மாமா தன் வயிற்றைத் தட்டினார், அது ஆடியது. அப்பா வெற்றிப் பார்வை பார்த்தார். டிப்போவில் இது ஒரு போட்டியாகவே நடக்கிறதாம். அதில் அப்பாதான் சாம்பியன்.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பாவின் யூனிபார்ம் பேண்ட்டில் கொக்கியை ஓரத்துக்குத் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "உனக்குப் பட்டம், உங்கப்பாவுக்குத் தொப்பை. ரெண்டும் ஒரே வருஷத்துலதான்டி வீட்டுக்கு வந்துச்சு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மைதானே? நான் படித்த வருஷங்கள் முழுக்க அவர் டபுள் டூட்டி பார்த்தார். இரண்டு ஷிப்டும் அதே சீட்டில். கண்ட நேரத்தில் சாப்பாடு, வீட்டுக்கு வந்தால் உடம்பு வலிக்கு ஒரு பீர். எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி நான். என் பட்டத்தை அவர் வயிற்றில் சுமந்திருக்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

டாக்டரைப் பற்றி. அவருக்கும் தொப்பை உண்டு. மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பதால் பலருக்குத் தெரியாது. எழுந்து நின்றால் சிஸ்டர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். மரியாதை.

இன்று ஓர் ஓட்டுநர் அவரிடம் சண்டை போட்டார். பீர் என்பது தண்ணீர் மாதிரிதானே, தண்ணீரால் தொப்பை எப்படி வரும் என்று. டாக்டர் கோபிக்கவில்லை. "உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஈரல் ஒரு நாற்சந்தி. பீர் அங்க ஆம்புலன்ஸ் மாதிரி. அது வந்துட்டா மத்த வண்டியெல்லாம் ஓரங்கட்டி நிக்கணும். நீங்க கூடத் தின்ன கடலையும் பொரிச்சதும் அப்படி நின்ன வண்டிங்க. ஆம்புலன்ஸ் போன பிறகும் அதுங்க நகராது. வயித்துலயே பார்க்கிங் போட்டுடும்." ஓட்டுநர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அபராதம் போட முடியாதா டாக்டர்?" என்று கேட்டார்.

கிளம்பும்போது டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். சாயந்தரக் கல்லூரியில் உணவு ஆலோசகருக்கான மேல்படிப்பு. இரண்டு வருஷம். படித்தால் டேப்பைப் பிடிக்கிற வேலையிலிருந்து, ஆட்களிடம் உட்கார்ந்து பேசுகிற வேலைக்குப் போகலாம். "நீ கேள்வி கேக்கற விதம் நல்லா இருக்கு. படி" என்றார்.

காகிதத்தை இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன். படிக்க ஆசையா? ரொம்ப. ஆனால் வீட்டில் சொன்னால் அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். அடுத்த நாளே போய் டபுள் டூட்டிக்குப் பெயர் கொடுத்துவிடுவார். எனக்கு ஒரு பென்சில் தேவைப்பட்டால்கூட, நான் கேட்பதற்கு முன்பே அது மேசைமேல் இருக்கும். அதனால் எனக்குக் கேட்டுப் பழக்கமே இல்லை. இன்னொரு பட்டம் என்றால் இன்னொரு தொப்பையா?

வேண்டாம். காகிதம் உள்ளேயே இருக்கட்டும்.

மார்ச் 22, சனி

டிப்போவில் புது விதி வந்திருக்கிறது. இந்த வருஷம் முதல் இடுப்பு நாற்பது இஞ்சைத் தாண்டி, ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தால், அந்த ஓட்டுநருக்கு மூன்று மாதம் ஸ்டீரிங் கிடையாது. டிப்போவிலேயே, பஸ்கள் வந்துபோகும் நேரம் குறிக்கும் டைம் ஆபீஸ் வேலை. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. குறைந்திருந்தால் வண்டி, இல்லையென்றால் மறுபடி டைம் ஆபீஸ்.

அப்பாவின் முறை ஏப்ரல் 11.

மாடியில் விசில் மாமா ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு என்னண்ணே கவலை? டேப்பைப் பிடிக்கப் போறது நம்ம பொண்ணுதானே." அப்பா வயிற்றைத் தட்டினார். "எனக்குத் தசைடா" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 2, புதன்

கல்லூரிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பாவின் கல்லு வயிற்றைப் பற்றி நான் பயந்தது சரிதான். தொளதொள வயிறு தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு, அதைக் கையால் பிடிக்க முடியும். கல்லு மாதிரி வயிறு என்றால் கொழுப்பு தசைக்கும் உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி உட்கார்ந்து, உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். இரண்டில் இதுதான் மோசம். டிப்போ போட்டியில் சாம்பியன் பட்டம் வாங்குவது பெருமைப்படுகிற விஷயமே இல்லை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? வாயில் வைத்த சாப்பாட்டை மெல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன பட்டதாரி, ஏதாவது வேணுமா?" என்றார். ஒன்றுமில்லைப்பா என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அம்மா யூனிபார்மை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். கண்ணாடி முன்னால் அப்பா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, சும்மா என்றார்.

நாளைக்கு அவரை அளக்கும் வேலையைச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

அப்பா வரிசையில் நின்று, முறை வந்ததும் உள்ளே வந்தார். சிஸ்டர் டேப்பை எடுத்தார். "என் பொண்ணு இருக்கும்போது நீங்க எதுக்கும்மா சிரமப்படறீங்க" என்று அதை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டார். சிஸ்டர் என்னைப் பார்த்தார், நான் டேப்பைப் பார்த்தேன்.

முதலில் ரத்த அழுத்தம். கூடுதல். நன்றாகவே கூடுதல். சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொண்டேன்.

பிறகு இடுப்பு. நுனியைத் தொப்புளில் வைத்துக்கொண்டு, டிப்போ வாசலில் வண்டியைத் திருப்புவதுபோல ஒரே வீச்சில் சுற்றி நின்றார். ஒத்திகை பார்த்த சுற்று. மூச்சு உள்ளே, மார்பு வெளியே. டேப்பில் முப்பத்தெட்டு.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. மூச்சு ரகசியத்தை அவரிடம் சொன்னதே நான்தான்! எந்த ரூட் என்றேன், விரலால் காட்டினார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்றேன், சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். வெளியே வரிசையில் ஒரே சிரிப்பு. "அண்ணன்கிட்ட அதெல்லாம் வேகாதும்மா" என்று விசில் மாமாவின் குரல். அப்பாவின் முகம் சிவந்து, கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

முப்பத்தெட்டு என்று எழுதலாம். டேப் அதைத்தான் காட்டுகிறது. நாளைக்கு முதல் பஸ் அவர் கையில். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பேனா கையில்தான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே நான் இப்போதுதான் எழுதிய ரத்த அழுத்தம் இருந்தது. அந்த இரண்டு எண்களும் ஒரே ஆளுடையவைதானா?

அப்போது ஒரு குரல் கேட்டது. பெரிய குரல். அது என்னுடையது என்று தெரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"சிஸ்டர், உங்களுக்குத் தெரியுமா? எங்கப்பா ஒரு தடவை டிப்போ சுவத்துலயே பஸ்ஸைக் கொண்டுபோய் இடிச்சவரு."

"யாரு, நானா? எவன் சொன்னான்? இத்தனை வருஷ சர்வீஸ்ல என் வண்டிமேல ஒரு கீறல் விழுந்திருக்கா? போய்க் கேளு டிப்போல—"

டேப் என் விரல்களுக்கு நடுவே ஓடியது, மீன் கடித்த தூண்டில் நூல் மாதிரி. நாற்பத்திரண்டரையில் வந்து நின்றது.

அப்பா பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல.

எழுதினேன். நாற்பத்திரண்டரை என்றே. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

டாக்டர் அவரைப் படுக்க வைத்தார். டாக்டர் சொன்னார், தொளதொள வயிறு படுத்தால் இரண்டு பக்கமும் வழியும் என்று. அப்பாவின் வயிறு வழியவில்லை, மேடாக அப்படியே நின்றது. தசை, தசை என்றார் அப்பா. டாக்டர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். சட்டைக்கு மேலேயே தன் வயிற்றை ஒரு பிடி பிடித்துக் காட்டினார். "என்னோடது வெளிய இருக்கு, கையில பிடிக்கலாம். உங்களோடது உள்ள இருக்கு. எனக்கு வெட்கம் மட்டும்தான். உங்களுக்கு ஆபத்து."

மூன்று மாதம். அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். டாக்டருக்கு நன்றி சொன்னார், சிஸ்டருக்குச் சொன்னார். என் மேசையைக் கடக்கும்போது மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

அப்பா பேசவில்லை. மாடிக்கும் போகவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றும்.

அம்மாதான் இரண்டு பக்கமும் தபால்காரியாக இருக்கிறாள். "உங்கப்பாவுக்கு நம்பர் பெரிசா வந்ததுல வருத்தமில்லடி. சுவத்துல இடிச்சாருன்னு சொன்னியே, அதுதான் பொறுக்க முடியல."

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் எடுக்க அப்பாவோடு நான்தான் போனேன். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தும் பேச்சில்லை. ஸ்கேன் அறையில் அவர் வயிற்றில் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவியதும் "ஐயோ" என்று ஒரு குரல் வந்தது. நான்கு நாளில் நான் கேட்ட முதல் சொல்.

திரையில் ஈரல் பளபளவென்று வெள்ளையாகத் தெரிந்தது. ஸ்கேன் எடுப்பவர் அதைச் சுட்டிக் காட்டினார். அப்பாவின் முகம் மலர்ந்தது. "வெள்ளையா இருக்கு. சுத்தமா இருக்குன்னு அர்த்தம்தானே?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஸ்கேன்காரரால் முடியவில்லை. சிரித்தேவிட்டார். கொழுப்பு ஏறினால்தான் ஈரல் இப்படி வெளுப்பாகத் தெரியும், இப்போதே கவனித்தால் திரும்பப் பழைய நிறத்துக்கு வந்துவிடும் என்று விளக்கினார். அப்பா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரையில் ஈரலும் சேர்ந்து குலுங்கியது. "ஆடாதீங்க சார், படம் கலையுது."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா சொன்னார்: "சுவத்துல இடிச்சேன்னு சொன்னியே. போனாப் போகுது. ஆனா இனிமே சொல்றதுன்னா மரத்துல இடிச்சேன்னு சொல்லு. சுவரு நகராது, அதுல இடிச்சா ஓட்டறவன் தப்பு. மரமாவது திடீர்னு கிளையை நீட்டும்."

ஈரலாரே, உங்கள் படத்தை இனிமேல் வெள்ளையாக அச்சடிக்கச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 28, திங்கள்

டைம் ஆபீஸ் என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம் என்று அப்பா நினைத்திருந்தார். அங்கே நாற்காலியே ஒன்றுதான், அதில் அவருடைய மேலதிகாரி உட்கார்ந்திருக்கிறார். அப்பாவின் வேலை டிப்போ முழுக்க நடந்து, ஒவ்வொரு பஸ்ஸும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்துக்கொண்டு வருவது. காலை முதல் மாலை வரை நடை. ராத்திரி பக்கெட்டில் வெந்நீர் வைத்துக் காலை ஊறவைத்துக்கொண்டு சொல்கிறார்: "இத்தனை வருஷம் பஸ்ஸுக்குள்ள உக்காந்து ஊரைச் சுத்தினேன். இப்பப் பஸ்ஸைச் சுத்தி நடக்கறேன்."

முதல் பஸ்ஸை இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறார். அது கிளம்பும் நேரத்துக்கு அப்பாவுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து ஜன்னலருகில் நின்று, தெருவில் போகும் பஸ்ஸின் சத்தத்தை வைத்தே "செகண்ட் கியர் சீக்கிரம் போடறான்" என்கிறார். இதை நானா செய்தேன்?

மே 17, சனி

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, இன்றுதான் மாடியில் மறுபடி பாய். விசில் மாமா பாட்டில்களோடு வந்துவிட்டார். "வண்டியே ஓட்டறதில்ல, இன்னும் என்னண்ணே பயம்?" என்று அவர் சொன்னது படி வரைக்கும் கேட்டது. அம்மா சமையலறையில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் போனேன். அப்பா கையில் கிளாஸ் இருந்தது. நுரையோடு. அரை மணி கழித்துக் கடலைத் தட்டு எடுக்கப் போனேன். அதே கிளாஸ். நுரை அடங்கியிருந்தது, அளவு இறங்கவில்லை. கடைசியில் பாயைச் சுருட்டப் போனபோதும் அதே கிளாஸ்தான், மூத்திர நிறத்தில் அசையாமல். விசில் மாமா தன் கதையில் மூழ்கியிருந்ததால் கவனிக்கவில்லை.

அப்பா நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். "சூடாயிடுச்சு. நல்லா இல்ல" என்று அவசரமாகச் சொன்னார்.

யாரும் அவரிடம் பீரை விடச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா சொன்னாள், டாக்டர் சொன்னார், ஸ்கேன்காரர்கூடச் சொன்னார். நான் மட்டும்தான் சொல்லவில்லை. யாருக்காக அந்தத் தொப்பை வந்ததோ அவள் எந்த வாயால் சொல்வது?

ஜூன் 9, திங்கள்

சாயந்தரக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி ஜூலை 15. காகிதம் மடிப்பில் நைந்துகொண்டிருக்கிறது. இன்று சாப்பிடும்போது தொண்டை வரை வந்தது. அப்பா நிமிர்ந்து, "என்ன பட்டதாரி?" என்றார். உப்பு வேணும்ப்பா என்றேன். குழம்பில் ஏற்கனவே உப்புக் கூடுதல்.

ஜூன் 21, சனி

டாக்டரும் அப்பாவும் பந்தயம் கட்டியிருக்கிறார்களாம். ஜூலை 11க்குள் யாருக்கு அதிகம் குறைகிறது என்று. இன்று ஆஸ்பத்திரி மூடிய பிறகு டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு, டேப்பை என்னிடம் கொடுத்து, தானே ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு. நான் மரியாதையாக, "டாக்டர், கொழுப்பு எத்தனை வகை?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லத் தொடங்கினார்.

அரை இஞ்ச் கூடியிருக்கிறது. சிஸ்டர் கண்ணை வேறு பக்கம் திருப்பவில்லை.

வீட்டில் அம்மா பேண்ட்டின் கொக்கியை உள்பக்கம் தள்ளித் தைத்துக்கொண்டிருந்தாள். காலையில் அப்பா கிளம்பும்போது பெல்ட்டையும் பார்த்தேன். அது முன்பு இருந்த இடத்தைவிட மேலே ஏறியிருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

நாளைக்கு மறுபரிசோதனை. அப்பா கண்ணாடி முன்னால் நிற்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

கதவைத் திறந்து உள்ளே வரும்போதே அப்பா பேசிக்கொண்டே வந்தார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டேப்பை வைத்துச் சுற்றும்போதும் பேச்சு நிற்கவில்லை. டைம் ஆபீஸ் நாற்காலியின் கால் உடைந்தது, செகண்ட் கியர் சீக்கிரம் போடுகிறவன், கால் ஆணி, விசில் மாமாவின் வயிறு. சிஸ்டருக்கே பொறுக்கவில்லை. "வாயைக் கொஞ்சம் மூடுங்க சார், டேப் ஆடுது."

முப்பத்தொன்பதே முக்கால். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. நான் அந்த எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். வரிசையில் கடைசியில் நின்றவருக்கும் கேட்டிருக்கும். "மூச்சை இழுத்திருந்தா முப்பத்தாறு காட்டியிருப்பேன்" என்றார் அப்பா. டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பந்தயத்தைப் பற்றி அவர் எழுந்து நிற்காமலேயே பேசினார்.

நாளைக்கு முதல் பஸ் அப்பாவுடையது.

சாயந்தரம் விசில் மாமா கொண்டாட்டம் என்று வந்தார். அப்பா அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு மாடியில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே வந்து, கொடியின் மறுமுனையில் நின்று அவரும் கிளிப்புகளைக் கழற்றினார். அவருடைய யூனிபார்ம் பேண்ட் கடைசியில் காய்ந்துகொண்டிருந்தது.

"நீ எதுவுமே கேக்க மாட்டியே" என்றார். "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். சாப்பிடும்போது என்னையே பாத்துக்கிட்டு உப்பு வேணும்பே. இன்னிக்குக் கேளு. என்ன வேணும்? வண்டி கிடைச்சிருச்சு, டபுள் டூட்டி கேட்டா அதுவும் குடுப்பாங்க."

துணியை எல்லாம் ஓரத்தில் சுருட்டி வைத்திருந்த பாய்மேல் போட்டேன். கீழே போய் இந்த டைரியிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன் போல. பேச வாயைத் திறந்ததும்தான் அது வெளியே வந்தது.

"மேல படிக்கணும்ப்பா. சாயந்தரக் காலேஜ், ரெண்டு வருஷம். செலவை என் சம்பளத்துலேயே பாத்துக்குவேன், அதுக்கு உங்களைக் கேக்கல. நான் கேக்கறது வேற. போன பட்டத்துக்கு நீங்க தொப்பை போட்டீங்க. இந்தப் பட்டத்துக்குப் போடாதீங்க. டபுள் டூட்டி வேண்டாம். மாடியில பீர் வேண்டாம். நான் படிச்சு முடிச்சு, வேலைக்குப் போயி, அதுக்கு அப்புறமும் ரொம்ப வருஷத்துக்கு… இந்தப் பேண்ட்டு உங்க இடுப்புலயே நிக்கணும்ப்பா."